அது கால் கழுவும் தொட்டி அல்ல

முன்பெல்லாம் எங்கள் பண்ணை வாசலில் ஒருத்தரும் நிற்க மாட்டார்கள். அமராவதிபுதூரிலிருந்து உள்ளே திரும்பும் செம்மண் பாதையில் எங்கள் வேலி கண்ணில் பட்டதுமே, பைக்கில் போகிறவர்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் வண்டியை முறுக்குவார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த என் அத்தை மகள், வேலிக்கு வெளியே நின்று பத்திரிகையைக் கம்பியில் சொருகிவிட்டுப் போனாள். அன்றைக்கு அழுதேன். இப்போது நினைத்தால் அவளைக் கூப்பிட்டு ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுக்கலாம் போலிருக்கிறது. எங்கள் பன்றிகளின் உடம்புக்கு அவளைவிட நல்லது செய்தவர் யாருமில்லை.

நாங்கள் பன்றியை அடைத்து வளர்ப்பதில்லை. மூன்று ஏக்கர் செம்மண் காடு, அதில் வேம்பும் முந்திரியும் கருவேலமும் கலந்து நிற்கும். வெள்ளைப் பன்றிகள் பகல் முழுவதும் அதில் கிளறித் திரியும், சேற்றுக் குழியில் கிடக்கும், மழைக்கு மட்டும் கொட்டகைக்கு வரும். தாய்ப் பன்றி பதினொன்று, ஆண் ஒன்று, குட்டிகளோடு சேர்த்தால் நாற்பத்துச் சொச்சம். இதை எவனோ ஒருவன் செல்போனில் படம் பிடித்து, ‘இயற்கை வளர்ப்பு’ என்று பெயர் வைத்துப் போட்டுவிட்டான். அவ்வளவுதான். பழைய பெரிய வீடுகளை ஓட்டலாக்கி நடத்துகிறார்களே, அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். வெள்ளைக்காரன் பார்த்ததை நாம் பார்க்காமல் இருக்கலாமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காரைக்குடியே குடும்பத்தோடு வந்தது. மூக்கைப் பொத்திய அதே கை இப்போது செல்ஃபி எடுத்தது.

இதற்கெல்லாம் தோதாக என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. வாசலில் ஒரு நிழல் தெரிந்தால் போதும், அவர் வாய் தானாகவே “வாங்க, வாங்க” என்று சொல்லிவிடும். வந்தது யார், எதற்கு வந்தார்கள் என்பதெல்லாம் பிறகுதான். ஒருமுறை திறந்த கதவு வழியாகத் தெருநாய் ஒன்று எட்டிப் பார்த்ததற்கும் “வாங்க” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாய்க்கே கூச்சமாகிவிட்டது.

போன சித்திரையில் ஒரு நாள் காலையில் கால்நடை டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். சின்னப் பெண்தான், ஆனால் விவரமானவர். வழக்கமாக நேராக உள்ளே வருகிறவர் அன்றைக்கு வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்.

“அக்கா, நான் உள்ள வரல. நேத்து வேற ஒரு பண்ணையில நின்னேன். நீங்க இங்குட்டு வாங்க.”

“என்ன டாக்டரம்மா, வாசல்ல நின்னு பேசுறீக? உள்ள வாங்க, ஒரு வாய் மோர் குடிச்சுட்டு...” என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

“அண்ணே, மொதல்ல இதத்தான் நிப்பாட்டணும்” என்றார் டாக்டரம்மா.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்திருக்கிறதாம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணையில். அதற்கு ஊசி கிடையாது, மருந்தும் கிடையாது. வந்தால் அநேகமாக எல்லாம் செத்துப்போகும். சாகாமல் மிஞ்சுவதையும் அவர்களே வந்து கொன்று குழியில் போட்டு மூடிவிடுவார்கள். சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு எந்தப் பன்றியையும் விட்டுவைக்கக் கூடாது என்பது சட்டம்.

“மனுசருக்கு?” என்று கேட்டேன்.

“மனுசருக்கு ஒண்ணும் செய்யாதுக்கா. ஆனா மனுசந்தான் செருப்புல, வண்டிச் சக்கரத்துல, மிச்சச் சோத்துல அதத் தூக்கிக்கிட்டு வருவான்.”

தனக்கு ஒன்றும் ஆகாது, தன்னால் அடுத்தவனுக்கு எல்லாம் ஆகும். இதில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. என் மாமியார் வீட்டில் இப்படிப் பலர் இருக்கிறார்கள்.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன். வெளி ஆள் உள்ளே வரக் கூடாது. வெளிச் சோறு வரக் கூடாது. வண்டி வாசலோடு நிற்க வேண்டும். வாசலில் ஒரு தொட்டி வைத்து பிளீச்சிங் பவுடர் கரைத்து, யார் வந்தாலும் செருப்பை அதில் முக்கி எடுத்துத்தான் நுழைய வேண்டும். திறந்தவெளியில் வளர்ப்பதால் தெருப் பன்றியும் காட்டுப் பன்றியும் வேலியோரம் வந்து மூக்கோடு மூக்கு உரசும். அதற்கு நாலு அடி தள்ளி இன்னொரு வேலி போட வேண்டும். இரை எடுக்காமல் படுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, காது நுனியும் வயிறும் ஊதாச் சிவப்பாக மாறினாலோ உடனே போன் செய்ய வேண்டும்.

வேலியை நாங்கள் இருவருமே போட்டோம். அவர் குழி தோண்ட நான் வேலிக் கல்லைப் பிடித்தேன். எட்டு நாளில் என் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. அந்த வேலியால் மனம் உடைந்தது எங்கள் ஆண் பன்றி ஒன்றுக்குத்தான். அவனுக்கு வெளியே ஒரு கறுப்பி இருந்தாள். தினமும் சாயங்காலம் அவள் வந்து நிற்பாள், இவன் ஓடிப்போய் மூக்கை நீட்டுவான். நாலு அடி இடைவெளி வந்த பிறகு இரண்டும் ஆளுக்கொரு பக்கம் நின்று முறைத்தன. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக் கண் கலங்கினார். “பாவம் புள்ள” என்றார். “நீங்க வேணா ரெண்டுக்கும் நடுவுல நின்னு சேதி சொல்லுங்க” என்றேன்.

தொட்டிதான் பெரிய கதை. சிமெண்டில் சின்னதாக ஒன்று கட்டலாம் என்றேன். அவர் கேட்காமல் பழைய சாமான் கடைக்குப் போய், கருங்கல் தொட்டி ஒன்றைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கொத்தமங்கலத்தில் இடித்த ஏதோ பெரிய வீட்டு முற்றத்தில் கிடந்ததாம். ஓரத்தில் பூவேலை வேறு. ஆள் படுத்து உருளலாம், அவ்வளவு அகலம். வெளிவேலியின் கதவைத் திறந்ததும் கால் வைக்கிற இடத்தில் அதைப் பதித்து, மருந்துத் தண்ணீர் நிரப்பினோம். பக்கத்தில் ‘உள்ளே வராதே’ என்று பெயிண்டில் எழுதி ஒரு பலகை நட்டேன். மறுநாள் பார்த்தால் அதற்கு மேலே ‘அன்பார்ந்த விருந்தினர்களே’ என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. யார் கைவேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி ஒரு தொட்டியை வாசலில் வைத்தால் நம் ஊர்க்காரன் என்ன செய்வான்? வாசலில் தண்ணீர் இருந்தால் கால் கழுவிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று பிறந்ததிலிருந்து பழகியவன். பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர் ஒருத்தர்கூட இல்லை. ‘விருந்தினர்களே’ வரைக்கும் படித்துவிட்டுக் கதவைத் தள்ளினார்கள். தொட்டியைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்கள். கழற்றிய செருப்பை நனையாமல் கையில் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு தொட்டியில் இறங்கி, ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக் கழுவினார்கள். பிறகு ஏறி, உள்ளே கருவேல முள் கிடக்கிறதே என்று, அதே செருப்பைக் காய்ந்தபடிக்கே மாட்டிக்கொண்டு பன்றிகளிடம் நடந்தார்கள். கால் மட்டும் பளபளவென்று இருந்தது. எந்த ஊர்ச் சாணியை மிதித்ததோ அந்தச் செருப்பு ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் உள்ளே போனது.

“செருப்புக்குத்தாங்க குளியல்! காலுக்கு இல்ல!” என்று கத்தினேன்.

“தோல் செருப்பும்மா, நனைஞ்சா ஊறிப்போகும்” என்று பொறுமையாக எனக்கு விளக்கினார் ஒருவர். அவர் மனைவி அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளித் தலையில் வேறு தெளித்துக்கொண்டார். இன்னொருவர் முகத்தையே கழுவிவிட்டார். பிளீச்சிங் தண்ணீர். “எரியுதே, எரியுதே” என்று அவர் குதிக்க, என் வீட்டுக்காரர் குடம் குடமாக நல்ல தண்ணீர் மொண்டு ஊற்றினார். நான் உதவி செய்யவில்லை. சிரிப்பை அடக்குகிற வேலை எனக்கு இருந்தது.

அன்றிலிருந்து கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை என் இடுப்பில் சொருகிக்கொண்டேன். ஊர் ஜனத்தை அப்படி நிறுத்திவிட்டேன். ஒரே ஒரு ஆளைத்தான் நிறுத்த முடியவில்லை.

என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர் கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம், இருவரும் ‘மாப்ள’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். என்னைத் தங்கச்சி என்பார். பந்தி முடிந்ததும் மிஞ்சியதையும் இலையில் கிடந்ததையும் நீல டிரம்மில் வழித்துப் போட்டு எங்கள் பன்றிகளுக்குக் கொண்டுவந்து கொட்டுவது அவர் பல வருடப் பழக்கம். நம் பக்கத்துக் கல்யாணப் பந்தி எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் பன்றிகள் கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் மனகோலமும் தின்று வளர்ந்தவை. அந்த வண்டிச் சத்தம் பாதையில் கேட்டாலே நாற்பதும் வேலிக்கு ஓடிவரும்.

வைகாசி முதல் முகூர்த்தத்தன்று வண்டி வந்து நின்றது. அவர் இறங்கி, டிரம்மைத் தட்டிக்காட்டினார்.

“தங்கச்சி, அண்ணன் சீர் கொண்டாந்திருக்கேன். கதவத் தொற.”

“வேணாம்ணே. டாக்டரம்மா வெளிச்சோறு ஆகாதுன்னு சொல்லிருக்காக.”

“எது வெளிச்சோறு? சைவக் கல்யாணம் தங்கச்சி! முட்டை வாசம்கூடக் கெடையாது. சாமிக்குப் படைக்கலாம், அம்புட்டுச் சுத்தம்.”

“சோறு சைவந்தான். டிரம்மு?”

“டிரம்முக்கு என்ன?”

“நேத்து இதுல என்ன இருந்துச்சு?”

“நேத்து ஒரு மிலிட்டரி ஓட்டல் மிச்சம். அதான் கழுவிட்டேன்ல.”

“அதுல பன்னிக்கறி உண்டா?”

“ஓட்டல்னா எல்லாந்தான் இருக்கும்.”

“அத எங்குட்டுப் போய்க் கொட்டுனீக?”

“வேற ஒரு பன்னிப் பண்ணையில. அவுக ஒன்னயப் போல இம்புட்டுக் கேள்வி கேக்கல, வாங்கன்னு சொன்னாக.”

இதுதான் இந்த ஊர்க் கணக்கு. பந்தி சைவம் என்றால் பாத்திரம், வண்டி, செருப்பு எல்லாமே சைவம் ஆகிவிடும். நான் வாதாடவில்லை. கரண்டி ஒன்றை எடுத்துவந்து வேலி வழியாக நீட்டினேன்.

“அம்புட்டுச் சுத்தம்னா, அந்த டிரம்முலேர்ந்து ஒரு கரண்டி மோந்து நீங்க சாப்பிடுங்கண்ணே. நான் பாக்குறேன். அப்பறம் கதவத் தொறக்குறேன்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. டிரம்மைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “மாப்ள, ஒம் பொண்டாட்டி என்னயப் பன்னியாக்குறா” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். என் வீட்டுக்காரர் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

மூன்று நாள் கழித்து ரேஷன் கடைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். பின்பக்க வேலியோரம் பன்றிகள் எல்லாம் கூடி நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தன. எங்கள் மூத்த தாய்ப் பன்றியின் மூக்கில் ஒரு முந்திரிப்பருப்பு ஒட்டியிருந்தது.

“இது என்ன?” என்றேன்.

என் வீட்டுக்காரர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். “நம்ம மரத்துலேர்ந்து விழுந்திருக்கும்.”

எடுத்து மோந்து பார்த்தேன். எங்கள் மரம் நெய்யில் வறுத்துக் காய்ப்பதில்லை.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. நான் இல்லாத நேரம் பார்த்து வண்டி பின்பக்கமாக வந்திருக்கிறது. இவர் வாளி வாளியாக வாங்கி இரண்டு வேலிக்கும் மேலாக வீசியிருக்கிறார். “அவன் மொகத்தப் பாத்து எப்படிப் புள்ள வேணாங்கிறது? சீருன்னு சொல்லிக் கொண்டாரான்” என்றார். நான் அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. அச்சில் வராது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். மூன்று வாரம் ஒரு பன்றியையும் விற்கக் கூடாது, அனுப்பக் கூடாது, தினமும் காலையில் பெரிய பன்றி ஒவ்வொன்றுக்கும் காய்ச்சல் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்றார். தெர்மாமீட்டரைப் பன்றிக்கு எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று அவர் விளக்கியபோது போனை ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்காரரின் காதுக்கு நேரே பிடித்தேன். அந்த வேலையை அவருக்கே கொடுத்தேன். தினமும் காலையில் பெரிய பன்றிகள் பன்னிரண்டின் வாலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓடியதைப் பார்க்க, எனக்குக் காபி இரண்டு மடங்கு இனித்தது. எட்டிப் பார்த்த தெருநாயை “வாங்க” என்று அழைத்த மனுசன் இப்போது பன்றியின் பின்னால் நின்று “கொஞ்சம் இரும்மா, கொஞ்சம் இரும்மா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் சிரிப்பு நின்றது. கான்ட்ராக்டர் போன் செய்தார். ஓட்டல் மிச்சத்தை அவர் கொட்டிய அந்தப் பண்ணையில் பன்றிகள் சாகின்றனவாம். முதலில் இரண்டு, பிறகு ஏழு. ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்த டிரம்தான் எங்கள் வேலிக்கும் வந்தது. போனை வைத்தேன். நான் பண்ணைக்குள் நடந்தேன். ஒன்று குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒன்று வேப்ப மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சின்னது, பிறந்தபோது மூச்சில்லாமல் கிடந்து நான் வாயில் ஊதிப் பிழைக்கவைத்தது, என் கொசுவத்தைக் கடித்து இழுத்தது. ஜேசிபி வந்தால் எந்த வழியாக வரும், குழியை எங்கே வெட்டுவார்கள் என்று என் கண் தானாக இடம் பார்த்தது. கொட்டகைக்குத் தெற்கே, மண் இளக்கமாக இருக்கிற இடம். அதைக் கண்டுபிடித்த என் கண்ணையே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் உச்சி வெயிலில் அவர் கத்தினார். ஓடிப்போனேன். மூத்த தாய்ப் பன்றி முந்திரி மர நிழலில் சாய்ந்து படுத்திருந்தது. காது இரண்டும் ஊதா. வயிறு ஊதா. கால்கள் முட்டி வரைக்கும் ஊதாவும் பழுப்புமாக ஊறிப்போயிருந்தன. டாக்டரம்மா சொன்ன அதே இடங்கள், அதே நிறம். என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். “நாந்தான் கொன்னேன், நாந்தான் கொன்னேன்” என்றார். நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

டாக்டரம்மா முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். தலையிலிருந்து கால் வரைக்கும் பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். தெர்மாமீட்டர் வைத்தார். புருவத்தைச் சுருக்கினார். திரும்பவும் வைத்தார். “காய்ச்சல் இல்லையே” என்றார். காதைத் தேய்த்துப் பார்த்தார். கையுறையை மூக்குக்கருகில் கொண்டுபோய் மோந்தார்.

“அக்கா, எலுமிச்சம்பழம் இருக்கா?”

“இந்த நேரத்துல ஜூஸா டாக்டரம்மா?” என்று கேட்டுவிட்டேன்.

“குடிக்க இல்லக்கா, கொண்டாங்க.”

அரைப் பழத்தைப் பன்றியின் காதில் வைத்துத் தேய்த்தார். தேய்த்த இடம் வெள்ளையாகிவிட்டது. இன்னும் தேய்த்தார். இன்னும் வெள்ளை. எங்கள் மூத்த பன்றி எலுமிச்சை வாசனைக்குக் கண்ணைத் திறந்து, மீதி அரைப் பழத்தை என் கையிலிருந்து பிடுங்கித் தின்றுவிட்டது.

“அந்தத் தொட்டியில என்ன மருந்து ஊத்துறீக?” என்றார் டாக்டரம்மா.

“பிளீச்சிங்” என்றேன் நான்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். “அன்னைக்கு வந்தவக காலு எரியுதுன்னு சொன்னாக. பாவமா இருந்துச்சு. அதான் இன்னைக்குக் காலையில தண்ணி மாத்துறப்ப அந்த ஊதாப் பொடி, பர்மாங்கனேட்டு, வாங்கிக் கலக்குனேன். நல்லா வேலை செய்யட்டும்னு கொஞ்சம் கூடவே போட்டேன்.”

போய்ப் பார்த்தோம். கல்தொட்டியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. விளிம்பெல்லாம் சேறும் வெள்ளை முடியும். காலையில் தெர்மாமீட்டரோடு உள்வேலியைத் தாண்டிய இவர் கதவைச் சாத்தவில்லை. அக்கினி வெயில் தாங்காமல் மூத்தவள் வெளியே வந்து, பூவேலை செய்த தொட்டியில் இறங்கி, நிதானமாகப் புரண்டு குளித்துவிட்டு, தன் மரத்தடிக்கே திரும்பிப் போய்ப் படுத்திருக்கிறாள். இத்தனை நாளில் அந்தத் தொட்டியில் முறையாக முழுக்குப் போட்ட ஒரே ஜீவன் அவள்தான். வந்த மனிதர்களில் ஒருத்தருக்கும் அந்தப் புத்தி இருக்கவில்லை.

டாக்டரம்மா சிரித்துச் சிரித்து முகக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் ஊசியை எடுத்தார். “இது சாயம். அந்த டிரம்மு நெசம். ரத்தம் அனுப்பிப் பாத்துருவோம்” என்று ஐந்து பன்றிகளிடம் எடுத்துக்கொண்டு போனார். முடிவு வர நாளாகும் என்றார்.

வேலிக்கு வெளியே நின்று யாரோ ஊதாப் பன்றியைப் படம் எடுத்துவிட்டார்கள் போல. ஊரெல்லாம் பரவியது. “மனுசருக்கு ஒட்டுமா?” என்று ஒருவர் பாதையில் நிறுத்திக் கேட்டார். “இதுவரைக்கும் ஒட்டல” என்று சொல்லிவிட்டு, ஏதோ ஒட்டியிருப்பதுபோலக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கக்கூட ஒரு ஈ காக்கை வரவில்லை. டாக்டரம்மாவுக்குத் தெரிந்து, “இப்படியெல்லாம் பேசாதீக அக்கா, நாளைக்கு நெசமா வந்தா ஒருத்தரும் நம்ப மாட்டாக” என்று கண்டித்தார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அந்த ஞாயிறு நன்றாக இருந்தது.

பதிமூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்கு, அந்தக் கான்ட்ராக்டர் வீட்டுக்கே போனேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் வண்டி நின்றது, அதன் பக்கத்தில் அந்த நீல டிரம். அவர் படியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து பல நாள் ஆன முகம்.

“நேத்து எல்லாத்தையும் குழியில போட்டு மூடிட்டாக தங்கச்சி” என்றார். “நான் அங்கதான் நின்னேன். அந்தப் பண்ணைக்காரன் என்னய ஒரு வார்த்த சொல்லல. வாங்கண்ணே, உக்காருங்கண்ணேன்னு நாக்காலி போட்டான்.”

சொல்லிவிட்டு அழுதார். நான் கொண்டுபோன திட்டு எதையும் திட்ட முடியவில்லை. ஆனால் அதைத் திருப்பிக் கொண்டுவரவும் முடியவில்லை. டிரம்மை ஓங்கி ஒரு உதை விட்டேன். அது உருண்டு, அடியில் கிடந்த கழுநீரெல்லாம் என் கால்மேல் கொட்டிவிட்டுச் சாக்கடையில் போய் விழுந்தது. மனது கொஞ்சம் ஆறியது. வண்டியை எடுத்தேன்.

பண்ணை வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தேன். கிளம்பும்போது சாவியை அவரிடம் கொடுத்திருந்தேன். என் வீட்டுக்காரர் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். திறக்கவில்லை.

“எங்குட்டுப் போயிட்டு வார?”

“ஒங்க மாப்ள வீட்டுக்குத்தான்.”

“இப்பத்தான் போன்ல சொன்னான். அவன் நேத்து அந்தக் குழிக்கிட்ட நின்னவன்” என்றார். என் காலைப் பார்த்தார். காலில் ஈரமும் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையும் தெரிந்தன. “அது என்னது?”

“டிரம்ம ஒதைச்சேன்.”

அவர் கதவின் குறுக்கே கையை நீட்டினார். “உள்ள வராத.”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். பூமியில் ஒருத்தரைப் பார்த்தும் இந்த மனுசன் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னதில்லை. முதல் தடவையாகச் சொல்கிறார், அதுவும் என்னிடம். எனக்கு வந்த கோபத்தில் கதவை ஆட்டினேன். அவர் அசையவில்லை. வண்டியை ரோட்டிலேயே விடச் சொன்னார். கதவோரக் குழாயடியில் குளிக்கச் சொன்னார், மாற்றுச்சேலை கொண்டுவந்து தருகிறேன் என்றார். அதற்கு முன்னால் செருப்பைத் தொட்டியில் முக்க வேண்டும் என்றார். கதவை ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து, தொட்டியைக் காட்டினார்.

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டியில் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் என் கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். போன வாரம் வாங்கிய செருப்பு.

“செருப்புக்குத்தான் புள்ள குளியல்” என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. டாக்டரம்மா. அவர் காதில் வைத்து “ம்... ம்...” என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் மூத்தவள் உள்வேலியில் மூக்கை நுழைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஊதாத் தண்ணீரில் முழங்கால் வரை நின்றேன்.

“என்னன்னு சொல்லித் தொலைங்களேன்!”

அவர் போனை மெதுவாக இறக்கினார். “ஒண்ணும் இல்லையாம் புள்ள. அஞ்சும் சுத்தமாம்.”

நான் தொட்டியிலிருந்து உள்பக்கம் பாய்ந்தேன். அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கையை மடக்கவில்லை.

“அங்குட்டே நில்லு. குளிச்சுட்டு வா” என்றார்.

குளித்தேன். ஆனாலும் ஒரு வாரத்துக்கு என் கால் இரண்டும் முட்டி வரைக்கும் பழுப்பாகவே இருந்தன. வீட்டில் எலுமிச்சம்பழம் இருந்தது. ஆனால் கேட்டபோதெல்லாம் அவர் அதை மூத்தவளுக்குத்தான் கொடுத்தார்.